பெற்றோர் விவாகமானவர்களா?

சென்ற ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மண்ணிற உறை நான்கு நாட்கள் என் மேசை இலாச்சிக்குள் கிடந்தது. அக்காவின் மகன், அதாவது என் பெறாமகன், முப்படைகளில் ஒன்றில் சேர்வதற்கான தன் விண்ணப்பத்தையும் அதனோடு இணைக்க வேண்டிய பத்திரங்களையும் அந்த உறையில் இட்டு, மட்டக்களப்பு வாவிக்கு மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து பஸ்ஸில் வந்து என் கையில் தந்துவிட்டுப் போயிருந்தான். நான் மட்டக்களப்பு நகரில் ஆசிரியையாக இருக்கிறேன். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரை எனக்குத் தெரியும். தபாலகமும் நான் பாடசாலைக்குப் போய்வரும் வழியில்தான் இருக்கிறது. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைச் சிங்களத்துக்கு மொழிபெயர்ப்பித்து, எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்து, பதிவுத் தபாலில் சேர்த்துவிட வேண்டும் என்பதே அவன் கேட்ட உதவி. இரண்டு பிற்பகல்களில் முடிந்துவிடக்கூடிய அந்த வேலையை நான் தொடங்காமலே நான்கு நாட்களைக் கடத்தினேன். வேலைப்பளு என்று அவனிடம் தொலைபேசியில் சொன்னேன். அது பொய். முடிவுத் திகதி கடந்துபோகட்டும் என்று காத்திருந்தேன். அதைப் பற்றி நீண்ட காலம் யாரிடமும் பேசவில்லை. எந்தப் படை, எந்த முகாம், எந்த அலுவலகம் என்பவற்றை நான் எழுதப்போவதில்லை. அங்கே நாங்கள் கண்ட மனிதர்களில் பெரும்பாலானோர் கண்ணியமாகவே நடந்துகொண்டார்கள். என்னை உறுத்திக்கொண்டிருப்பது அவர்கள் கையில் இருந்த படிவமும் என் கையில் கிடந்த உறையும்தான்.

அவனுக்கு இந்த எண்ணம் வந்தது 2024 நவம்பர் வெள்ளத்தின்போது. அப்போது அவன் கல்முனைப் பக்கம் ஒரு தொழிற்பயிற்சிக்குப் போய்வந்துகொண்டிருந்தான். மாவடிப்பள்ளி வீதியில் மத்ரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு போனபோது, கரையில் திரண்ட சனத்தோடு சனமாக அவனும் போய் நின்றான். படையினர் படகுகளோடு இறங்கித் தேடியதைப் பார்த்துக்கொண்டு நின்றவன், இரவு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தான் என்று அக்கா சொன்னாள். ஏழெட்டு வயதிலிருந்தே வாவியில் முங்கி எழும்பிப் பழகிய பிள்ளை. மறுவாரம் என்னிடம் வந்து, "நான் தண்ணிக்குள்ள இறங்கி ஆக்கள எடுக்கிற வேலைக்குப் போகப்போறன் சின்னம்மா" என்றான். நிலையான சம்பளமும், 22 ஆண்டுச் சேவைக்குப் பின் ஓய்வூதியமும் உண்டு என்பதையும் விசாரித்து வைத்திருந்தான். தகப்பன் கட்டாரில் வாகனம் ஓட்டுகிறார். அந்தப் பணம் எந்த மாதம் வரும், எந்த மாதம் வராது என்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஓய்வூதியம் என்ற சொல்லின் எடை தெரியும்.

நான் மறுத்துப் பேசுவேன் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. அதனால் வரலாற்றோடுதான் வந்தான். இலங்கை இராணுவம் 1949 ஒக்டோபரில் உருவானது என்றும், 1955இல் அதன் தளபதியான முதலாவது இலங்கையர் அன்ரன் முத்துக்குமாரு ஒரு தமிழர் என்றும், 1960 முதல் 1970 வரை கடற்படைக்குத் தளபதியாக இருந்த ராஜன் கதிர்காமரும் தமிழரே என்றும் சொன்னான். எல்லாம் உண்மை. 1962இல் நடந்த சதிப்புரட்சி முயற்சிக்குப் பின்னர் அந்தப் படைகளின் முகம் எப்படி மாறியது என்பதையும், 2012 நவம்பரில் கிளிநொச்சியில் நூறு அளவிலான தமிழ்ப் பெண்களை இராணுவத்தில் சேர்த்தபோது அது விருப்பமா நிர்ப்பந்தமா என்று எங்கள் மத்தியில் எவ்வளவு காலம் வாக்குவாதம் நடந்தது என்பதையும் நான் சொன்னேன். அதுவும் உண்மைதான். பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கும் சின்னம்மாவுக்கும் இடையில் உண்மைகள் இப்படி மாறிமாறிப் போனதே தவிர, ஒருவர் சொன்னதில் மற்றவர் அசையவில்லை. அம்மா ஒரு வார்த்தைதான் கேட்டா. "உடுப்புப் போட்டவன் எவன் இந்தப் படலையைத் திறந்துட்டு நல்லதுக்கு வந்தவன், மனே?"

அக்கா மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் இருந்ததை நான் எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

சேர்தல் என்ற சொல்

எங்கள் பக்கத்தில் 'சேர்ந்துவிட்டான்', 'சேர்த்துவிட்டார்கள்' என்று சொன்னால், எங்கே என்று யாரும் கேட்காத ஒரு காலம் இருந்தது. வேலைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, சங்கத்துக்கு என்று இன்று அந்தச் சொல்லுக்கு முன்னால் எதைப் போட்டாலும், நாற்பது வயதைத் தாண்டிய தாய்மாருக்கு அது முதலில் ஒரே இடத்தைத்தான் நினைவூட்டும். வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று விடுதலைப் புலிகள் இயக்கத்தினர் கேட்டார்கள். கேட்டது ஒரு காலம். கேட்காமல் கொண்டுபோனது இன்னொரு காலம். அக்காவைக் கொண்டுபோனது 2003இல், போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்தபோது. அவளுக்கு 15 வயது. எனக்கு 13. பாடசாலை விட்டு வரும் வழியில் சைக்கிளோடு அவளைக் கொண்டுபோனார்கள். அன்று நான் காய்ச்சல் என்று பாடசாலைக்குப் போகவில்லை. அடுத்த கிழமையே அம்மா என்னை நகரில் உள்ள ஒரு விடுதியில் கொண்டுவந்து சேர்த்தா. அங்கே நான் படித்தேன், பல்கலைக்கழகம் போனேன், ஆசிரியையானேன். வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் எங்கள் வீட்டின் ஒருவர் அக்காவாக இருந்ததால்தான் என் பெயரைத் தேடி யாரும் வரவில்லை என்பதை அம்மாவும் அக்காவும் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லித் தெரிய வேண்டிய விடயமும் இல்லை.

2004 மார்ச்சில் இயக்கம் கிழக்கில் பிளவுபட்டது. ஏப்ரலில் வெருகலில் சண்டை நடந்து, அதன் பின் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டபோது அக்காவும் வந்தாள். தலைமுடியைக் கழுத்தோடு ஒட்ட வெட்டியிருந்தார்கள். அந்தத் தலையோடு வீதியில் இறங்கினால் எங்கிருந்து வந்தவள் என்பது எவருக்கும் தெரிந்துவிடும். திரும்பவும் கொண்டுபோவார்கள் என்ற பயம் வேறு. ஆகவே முடி வளரும்வரை அவள் வளவை விட்டு வெளியே போகவில்லை. ஒவ்வொரு நாளும் பொழுதுபட்டதும் அம்மா விறாந்தையில் அவளை முன்னால் இருத்தி, நல்லெண்ணெய் தேய்த்து, விரலால் முடியை இழுத்து இழுத்துப் பார்ப்பா. நான் விடுமுறைக்கு வந்திருந்தபோது அதைப் பார்த்தேன். தோளைத் தொடும்வரையாவது வளரட்டும் என்று பார்த்திருந்தவ, அதற்கு முன்பே ஆவணி மாதத்தில் மாமாவின் மகனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தா. தாலி கட்டிய பெண்ணைக் கொண்டுபோக மாட்டார்கள் என்பது அப்போது ஊரில் இருந்த நம்பிக்கை. எங்கள் ஊரில் அந்த ஒரே ஆவணியில் அப்படி நடந்த கலியாணங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் என் வகுப்பில் படித்த பிள்ளைகளில் பாதிப் பேர் அதற்குள் வருவார்கள்.

அக்காவுக்கு அப்போது 16 வயது. இந்த நாட்டில் பொது விவாகச் சட்டப்படி திருமணத்துக்கான ஆகக்குறைந்த வயது 1995 முதல் 18 ஆக இருக்கிறது. ஆகவே பதிவாளரிடம் போக வழியில்லை. கோயிலில் தாலி கட்டினார்கள்; பதிவு பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். மறு வருடம் மகன் பிறந்தான். பிறப்பைப் பதியும்போது தாயும் தகப்பனும் சேர்ந்து கையொப்பமிட்டதால் தகப்பனின் பெயர் பத்திரத்தில் ஏறியது. ஆனால் பெற்றோர் விவாகமானவர்களா என்று கேட்கும் கூட்டில் பதிவாளர் உள்ளதை உள்ளபடி எழுதினார்: இல்லை. அவரில் எந்தப் பிழையும் சொல்ல முடியாது. 2007 மார்ச்சில் படுவான்கரை முழுவதும் இடம்பெயர்ந்து நகரப் பக்கம் வந்தபோது அந்தப் பிள்ளைக்கு இரண்டு வயதும் நிறையவில்லை. மீளக் குடியேறி, வீட்டுக்குக் கூரை போட்டு, 2009இல்தான் அக்காவும் மச்சானும் திருமணத்தைப் பதிந்தார்கள். அதன் பின் பெற்றோர் இருவரும் விண்ணப்பித்து மகனின் பிறப்பை மீளப் பதிந்து அந்தக் கூட்டைத் திருத்தியிருக்கலாம். அப்படி ஒரு வழி சட்டத்தில் இருக்கிறது. அதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. படித்த நானும் சொல்லவில்லை, ஏனென்றால் அந்தப் பத்திரத்தை நான் ஒருநாளும் முழுமையாக வாசித்துப் பார்த்ததில்லை.

முதன்முதலாக வாசித்தது இலாச்சியில் அந்த உறை கிடந்த நான்காவது நாள் இரவில். அதில் 'இல்லை' என்று எழுதியிருந்த இடத்தில் என் கண் நின்றது. பெற்றோர் விவாகமாகாதவர்கள் என்றால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்று அறிவித்தலில் எங்கும் இல்லை. இருந்தும், நேர்முகப் பரீட்சையில் யாரோ ஓர் அதிகாரி அந்தச் சொல்லில் விரலை வைத்து என் பிள்ளையை நிமிர்ந்து பார்ப்பார் என்பது எனக்கு அந்தக் கணத்திலேயே தெரிந்தது. அவன் இதைப் பார்த்திருப்பான். பார்த்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல், அதற்கு மூன்று பிரதி எடுத்து, சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்தி, உறைக்குள் வைத்திருக்கிறான். அவனுடைய துணிவுக்கு முன்னால் என் நான்கு நாட்கள் மிகவும் சிறுமையாகத் தெரிந்தன. மறுநாள் காலையில் மொழிபெயர்ப்பாளரிடம் ஓடினேன்.

உறைக்கு வெளியே

பிந்திப் போனதன் விலையை நான் அல்ல, அவன் கொடுத்தான். வழக்கமாக மொழிபெயர்ப்பை வாங்கியதும் ஒரு நாள் வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பேன். அந்த அவகாசம் இப்போது இல்லை. மொழிபெயர்ப்பாளர் பின்னேரம் தந்தார். அப்படியே உறையில் வைத்து, அறிவித்தல் சொன்னபடி இடது பக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதி, அடுத்த நாள் காலையில் பதிவுத் தபாலில் சேர்த்தேன். முடிவுத் திகதிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. தகப்பனின் பெயரில் வரும் 'ங்க' என்ற ஒலியைப் பாடசாலைப் பத்திரத்தில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், இந்த மொழிபெயர்ப்பில் மூன்றாவது விதமாகவும் எழுதியிருந்ததை நான் கவனிக்கவில்லை. தமிழில் க என்று ஒரே எழுத்தால் எழுதுவதைச் சிங்களத்தில் இரண்டு எழுத்துகளில் ஒன்றைத் தெரிந்தெடுத்துத்தான் எழுத வேண்டும், ஆங்கிலத்திலும் அப்படித்தான். மூன்று பேர் மூன்று முறை தெரிந்தெடுத்தால் ஒரு மனிதனுக்கு மூன்று தகப்பன்மார் வந்துவிடுகிறார்கள். இதனால் அல்லல்படாத தமிழ்க் குடும்பம் எங்கள் மாவட்டத்தில் குறைவு. ஓய்வூதியக் கோவை, காணிப் பத்திரம், கடவுச்சீட்டு என்று எங்கும் இதே கதைதான்.

அழைப்புக் கடிதம் வந்தது. பொலன்னறுவைக்கு அப்பால் உள்ள ஒரு முகாமில் காலை 7 மணிக்கு நிற்க வேண்டும். நானும் உடன் போனேன். இரவு ஒரு மணிக்குப் புறப்பட்டோம். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டிராவிட்டால் அந்த நேரத்தில் அந்த வழியாக வாவியைக் கடந்திருக்கவே முடியாது என்று அவன் சொல்லிக்கொண்டு வந்தான். வாசலில் பிள்ளைகளுக்கு ஒரு வரிசை. கூட வந்தவர்களுக்கு வீதியோர மர நிழல். எனக்குப் பக்கத்தில் தெஹியத்தகண்டியிலிருந்து வந்திருந்த ஒரு சிங்களத் தாய் இருந்தா. என் அரைகுறைச் சிங்களத்தில் பேச்சுக் கொடுத்தேன். 1996இல் முல்லைத்தீவு இராணுவ முகாம் தாக்கப்பட்டபோது தன் அண்ணன் போனதாகவும், உடல் வரவில்லை என்றும் சொன்னா. அதற்குப் பிறகும் மகனை அனுப்புகிறீர்களா என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. அவவும் என்னிடம் அதே கேள்வியைக் கேட்காமல் விட்டிருக்கக்கூடும். மகனின் விடுகைப் பத்திரத்தில் அதிபரின் முத்திரை தெளிவில்லை என்று திருப்பிவிடுவார்களோ என்பதே அவவின் அப்போதைய கவலையாக இருந்தது. கொண்டுவந்த சோற்றுப் பொதியில் பாதியை எனக்குத் தந்தா.

உயரம், மார்பளவு, ஓட்டம் எல்லாவற்றிலும் அவன் தேறினான். அதன் பின் நடந்ததை அவன் சொல்லித்தான் அறிந்தேன். ஒரு கொட்டகைக்குள் இருத்தி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார்கள். விண்ணப்பத்தில் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இருந்த இடத்தில், எங்களிடம் குடும்பப் பெயர் என்ற ஒன்று இல்லாததால் தகப்பனின் பெயரை எழுதியிருந்தான். அந்தப் பெயரை, மொழிபெயர்ப்பில் வந்த புதிய எழுத்துக்கூட்டலின்படி, அழைத்தவர் தன் நாவுக்கு வந்தபடி உச்சரித்திருக்கிறார். இரண்டு முறை அழைத்தார். இவன் அது தன்னைத்தான் என்று அறியாமல் உட்கார்ந்திருந்தான். ஏறாவூரிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் இளைஞன் இவனைத் தட்டி, "உங்களத்தான் கூப்பிர்றாங்க போல" என்று சொல்லாவிட்டால் அந்தச் சுற்று அதோடு முடிந்திருக்கும். உள்ளே போனதும் முதற் கேள்வியே தகப்பனின் பெயர் ஏன் மூன்று விதமாக இருக்கிறது என்பது. இரண்டாவது, நான் பயந்தபடி, அந்தக் கூடு. விரலை வைத்துக் காட்டினார்கள். இவன் தெரிந்த சிங்களத்தில், இப்போது பதிந்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறான். அப்படியென்றால் ஏன் திருத்தவில்லை என்று கேட்டார்கள். அதற்கு இவனிடம் சிங்களமும் இல்லை, தமிழும் இல்லை.

எழுதிக் கொடுக்கும்படி ஒரு வெள்ளைத்தாளைத் தந்தார்களாம். தமிழில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறான். வாசிக்கக்கூடியவர் அன்று அங்கே இல்லை. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்று சொன்னது. 1988இல் 16ஆம் திருத்தம் இரண்டும் நிர்வாக மொழிகள் என்றது. 2011இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு அரச அலுவலகங்களில் எந்நேரமும் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர்கள் இருக்க வேண்டும் என்று விதந்துரைத்தது. நான் இவற்றை வகுப்பில் குடியுரிமைக் கல்வியாகப் படிப்பித்திருக்கிறேன். கொட்டகைக்குள் அந்த வெள்ளைத்தாளோடு இருந்த பிள்ளைக்கு இவற்றில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. தமிழ் இளைஞர்கள் ஏன் படைக்கு விண்ணப்பிப்பதில்லை என்று யாராவது மனமாரக் கேட்டால், முதலில் அந்தத் தாளைப் பற்றி நான் சொல்வேன். சேர வேண்டும், சேரக் கூடாது என்ற எங்களுடைய விவாதங்கள் எல்லாம் அந்தத் தாளுக்குப் பிறகு வருபவை.

படலை திறந்த நாள்

இரண்டு மாதம் கழித்துப் பின்னணி விசாரணைக்கு வீட்டுக்கு ஆள் வரும் என்று கிராம உத்தியோகத்தர் மூலம் தெரிந்தது. அதற்கு முந்திய ஞாயிறு நாங்கள் கூடிப் பேசினோம். கட்டாரிலிருந்து மச்சானும் தொலைபேசியில் இருந்தார். இயக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று கேட்டால் இல்லை என்று சொல்வது என்று முடிவாயிற்று. அந்த யோசனையைச் சொன்னது நான்தான். இருபத்தொன்று, இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முந்திய கதை. எந்தப் பதிவிலும் இல்லாத பெயர். ஊரில் எவரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள் என்று விளக்கினேன். அக்கா அடுப்படியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

வந்தவர்கள் இருவர். சாதாரண உடையில், ஒரு மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். ஒருவர் நன்றாகத் தமிழ் பேசினார். படலைக்கு வெளியே நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் வந்தார்கள். அம்மா கதிரை போட்டா. வீட்டில் எத்தனை பேர், காணி யாருடையது, மச்சான் எப்போது வெளிநாடு போனார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தமிழ் பேசியவர் ஒரு கொப்பியில் எழுதினார். பிறகு அந்தக் கேள்வி வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். தேங்காய்ப்பூ ஒட்டிய கையைச் சட்டைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, நிலைக்கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"நான்தான் இருந்தன். அப்ப எனக்குப் பதினைஞ்சு வயசு. விரும்பிப் போகல்ல. பள்ளிக்கூடம் விட்டு வரக்குள்ள சைக்கிளோட கொண்டு போனவங்க. எட்டு மாசம். என்ட புள்ளைக்கு இதில ஒண்டும் தெரியா. அவன்ட பேரில எழுதாதீங்க, என்ட பேரில எழுதுங்க."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. எந்தக் கூட்டில் எழுதுவது என்று அவருக்கே தெரியவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. பிறகு, "புனர்வாழ்வுச் சான்றிதழ் இருக்கிறதா அக்கா?" என்று கேட்டார். 2009இல் போர் முடிந்த பின் ஏறக்குறைய 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களில் இருந்து வெளியேறினார்கள். அவர்களுக்கு அதைக் காட்டும் பத்திரம் உண்டு. 2004இல் வீட்டுக்கு நடந்துவந்த பதினாறு வயதுப் பிள்ளைக்கு யார் அதைக் கொடுத்திருப்பார்கள்? இல்லை என்றாள். அப்படியானால் பலவந்தமாகக் கொண்டுபோனதற்கு ஏதாவது அத்தாட்சி உண்டா என்று கேட்டார். அக்கா பதில் சொல்லாமல் நின்றாள். கழுத்தில் தாலியோடு நிற்கும் முப்பத்தேழு வயதுப் பெண்ணிடம், நீ பிள்ளையாக இருந்தபோது உன்னைக் கொண்டுபோனார்கள் என்பதற்கு அத்தாட்சி கேட்டால் எதைக் காட்டுவாள்?

அம்மா எழும்பி உள்ளே போனா. தகரப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. இடப்பெயர்விலும், அதன் பின் வந்த வெள்ளங்களிலும் அந்தப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போனவ. பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு தாளைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தா. கொப்பித் தாள். மடிப்பில் மஞ்சள் ஏறி, ஒரு ஓரத்தில் பூச்சி அரித்திருந்தது. போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்துக்கு அம்மா 2003இல் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி. பெற்றுக்கொண்டதற்கான முத்திரை அதில் இருந்தது. அவர் அதை வாசித்துவிட்டு என் பக்கம் நீட்டினார். நான் வாசிக்கத் தேவை இருக்கவில்லை. அந்தக் கையெழுத்து என்னுடையது.

அம்மாவுக்குக் கையொப்பம் மட்டும்தான் வரும். காய்ச்சலோடு பாயில் இருந்த என்னை எழுப்பி இருத்தி அன்று இரவு எழுதுவித்தா. பாடசாலையில் கடிதம் எழுதப் பழக்கியபடியே, மேலே முகவரி, திகதி, 'ஐயா/அம்மணி' என்று தொடங்கியிருந்தேன். 'எனது மூத்த மகள் தரம் 10இல் கல்வி பயில்கிறார். அவருக்கு முட்டு வருத்தம் உள்ளது. பனி நேரத்தில் அவரை வெளியில் படுக்க விட வேண்டாம் என அவர்களிடம் சொல்லும்படி தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' மகளை விடுவிக்க வேண்டும் என்ற வசனம் அதற்குப் பிறகுதான் வருகிறது. 'தயவுடன்' என்பதில் எழுத்துப் பிழை விட்டு, அதை வெட்டித் திருத்தியிருந்தேன். என் வாழ்நாளில் நான் எழுதிய முதல் விண்ணப்பம் அது. அது இருந்ததை நான் மறந்திருக்கவில்லை. அது இன்னும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது.

வந்தவர் அந்தத் தாளைத் தன் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். கொப்பியில் என்ன எழுதினார் என்பதை நாங்கள் பார்க்கவில்லை. போகும்போது அம்மாவைப் பார்த்து, "பத்திரமா வச்சிருங்க அம்மா" என்று சொன்னார். அவன் அதுவரை கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தான். அவர்கள் போன பிறகு வந்து, தாய்க்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தான். அக்கா அவன் தலையைத் தொட்டுவிட்டு மீண்டும் அடுப்படிக்குப் போனாள். அன்று பின்னேரம் அவளோடு தனியே இருந்தபோது, நீ அவன் போகக் கூடாது என்றுதானே நினைத்தாய் என்று கேட்டேன். "என்னை ஆரும் கேட்கல்ல தங்கச்சி. அவன் தானே கேட்டு எழுதிப் போடுறான். அதைப் பார்த்துக்கொண்டு இருக்க எனக்கு ஆசையா இருந்திச்சு" என்றாள்.

அதன் பின் எட்டு மாதமாகப் பதில் இல்லை. தெரிவாகவில்லை என்றும் வரவில்லை. தெரிவானார் என்றும் வரவில்லை. மூன்று விதமாக எழுதிய தகப்பன் பெயரா, பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் கூடா, அக்கா சொன்ன உண்மையா, அல்லது இவை எதனோடும் தொடர்பில்லாமல் வெறும் போட்டியா என்று அறிய எங்களுக்கு வழியில்லை. ஒவ்வொரு இரவும் நான் முதலாவதைத்தான் எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் அது என்னுடையது. இதற்கிடையில் மச்சான் விடுமுறையில் வந்தபோது இருவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பிறப்பை மீளப் பதிவதற்கு விண்ணப்பித்தோம். பெயரின் எழுத்துக்கூட்டலை ஒன்றாக்குவதற்குச் சத்தியக்கடதாசியும் முடித்தோம். அடுத்த ஆட்சேர்ப்பு அறிவித்தல் வரும்போது வயதெல்லையைத் தாண்டாமல் இருப்பான்.

சென்ற கிழமை, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், விண்ணப்பத்தின் நிலையையும் முடிவு எடுக்கப்பட்டிருந்தால் அதற்கான காரணத்தையும் கேட்டு ஒரு கோரிக்கை எழுதினோம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். தேசிய பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுப்பதற்கும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது என்பது தெரியும். மறுத்தால் அதையாவது எழுத்தில் மறுக்கட்டும். கோரிக்கையைத் தமிழிலேயே எழுதினோம். இணைப்புகளின் பட்டியலை அவன் தன் கையால் எழுதினான். அடையாள அட்டை, அழைப்புக் கடிதம், விவாகப் பதிவு, சத்தியக்கடதாசி. பிறகு அம்மம்மாவின் பொலித்தீன் பையை எடுத்து, "இதையும் வைக்கவா சின்னம்மா?" என்று கேட்டான். வைக்கச் சொன்னேன். இணைப்பு 5 என்று எழுதினான்.

கொப்பி எடுக்கும் கடையில் அந்தத் தாளைக் கண்ணாடியில் வைக்கும்போது மடிப்பு கிழிந்துவிடுமோ என்று கையால் தாங்கிக்கொண்டு நின்றான். அங்கிருந்து தபாலகத்துக்கு நடந்தோம். வழியில் அந்த நான்கு நாட்களைப் பற்றி அவனிடம் சொன்னேன். அவன் நடையை நிறுத்தவில்லை.

"தெரியும் சின்னம்மா. மறுகா நீங்க தந்த பதிவுத் தபால் துண்டில திகதி இருந்திச்சே."

கருமபீடம் மூடுவதற்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. உறையை அவனே கொடுத்தான். துண்டை வாங்கி என்னிடம் தந்தான்.